மாலை போட்ட மூன்றாம் நாள்

ஓசூர்
டிசம்பர் 10

அன்பான மாப்பிள்ளை முனிவேலுக்கு,

உன் மச்சான் எல்லப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கொடுத்த மாத்திரையை விழுங்கி, யாரிடமும் சண்டை போடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

முதல் நாற்பது நாள் போன் கிடையாது, முப்பது நாள் முடியும்வரை பார்க்க வரவும் கூடாது, கடிதம் வேண்டுமானால் போடுங்கள் என்று உங்கள் மறுவாழ்வு மையத்து ஹரீஷ்குமார் சார் சொல்லி அனுப்பினார். சரிதாவிடம் பேனாவைக் கொடுத்தேன். உன் பெண்டாட்டி "அன்புள்ள" என்று எழுதினாள். கால் மணி நேரம் அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீயே எழுதுண்ணா, எனக்கு என்ன எழுதறதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஸ்டோர்ஸில் இண்டென்ட் புத்தகம் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு எழுத்து வேலை தெரியாது. பொறுத்துக்கொள்.

கம்பெனியில் உனக்கு ஒரு குறையும் வராது. ஈ.எஸ்.ஐ. லீவுக்கு வேண்டியதெல்லாம் நானே நின்று கொடுத்துவிட்டேன். உன் ஏழாம் நம்பர் மிஷினில் இப்போது ஒடிசாக்காரர் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனுஷன். ஆனால் ஒரு ஷிப்டுக்கு நாலு டூல் டிப்பை உடைத்துக்கொண்டு புதிது கேட்டு என் ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து நிற்கிறார். நீ வாரத்துக்கு ஒன்று கேட்டாலே முகத்தைச் சுளித்தவன் நான். அதற்கெல்லாம் இப்போது அனுபவிக்கிறேன்.

குளிர் இந்த வருஷம் அதிகம். கவிப்ரியா உன் மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருக்கிறாள். பிளஸ் ஒன் அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. உயிரியல் நன்றாக எழுதினாளாம், கணக்கைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். அதில் உன் மகள்தான். சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் வந்து நிற்கிறது. ராகிக் கதிரை மிதித்துவிட்டுப் போயிருக்கின்றன, அந்தப் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸைச் சுற்றி விடுகிறார்கள். வேப்பனப்பள்ளியில் உங்கள் மாந்தோப்பில் இன்னும் பூ எடுக்கவில்லையாம். அவரைக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. எங்கள் வீட்டில் ராஜலட்சுமி நேற்று அந்த அவரைக்கொட்டையை ஊற வைத்துப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்து உன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். அத்தை குழம்பு அப்பாவுக்குத்தான் பிடிக்கும் என்று கவிப்ரியா சொன்னாளாம். அப்படியென்றால் எனக்குப் பிடிக்காதா என்று கேட்டேன். உங்களுக்கு எந்தக் குழம்பு மாமா பிடிக்காது என்கிறாள்.

இன்னொரு விஷயம். தெருவில் உன் பேச்சுத்தான். கார்த்திகை மூன்றாம் நாள் பஜனையில் உன்மேல் சாமி வந்ததை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். சரோஜம்மாள் உன் கையால் வாங்கிய வாழைப்பழத்தைத் தன் மகனுக்குக் கொடுத்தாளாம். அடுத்த வாரமே அவனுக்குக் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டதாம். தேங்காய் பழத்தோடு வந்து, சாமி எப்போது வருவார் என்று சரிதாவிடம் கேட்டுவிட்டுப் போகிறாள். உன்னைக் குடிகாரன் என்று சொன்ன வாயெல்லாம் இப்போது சாமி என்கிறது. அதை நினைத்துத் தைரியமாக இரு. சாமி வந்த உடம்பு, சீக்கிரம் தேறிவிடும்.

ஐயப்பன் துணையிருப்பார்.

உன் மச்சான்,
எல்லப்பன்


ஓசூர்
டிசம்பர் 23

அன்பான மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. பிரித்ததும் முதலில் உன் கையெழுத்தைத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஈ.எஸ்.ஐ. பாரத்தில் நீ போட்ட கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. இப்போது வரி நேராக ஓடுகிறது. சரிதாவிடம் அதைத்தான் முதலில் காட்டினேன். அவள் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

அப்புறம்தான் நீ எழுதியிருப்பதைப் படித்தேன். அங்கே உன்னை வட்டமாக உட்கார வைத்து, நான் குடிநோயாளி என்று உன் வாயால் சொல்லச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். தெருவே காலில் விழுந்த மனுஷனுக்கு இங்கே நோயாளி என்று பெயரா என்று கேட்டிருக்கிறாய். பார்க்க வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமையே சரிதாவிடம் கையெழுத்துப் போடச் சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், வந்த கையோடு நான் உனக்கு மறுபடி மாலை போட்டுவிட வேண்டும், சாமி வந்தவனுக்கு மாத்திரை எதற்கு, இதுதானே நீ எழுதியது?

இதற்கு நடுவில் ஹரீஷ்குமார் சார் போன் செய்தார். நீ இரண்டு நாளாக மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிவிடுகிறாயாம். "என்னங்க எழுதினீங்க அவருக்கு?" என்று என்னைக் கேட்டார். எழுதியதைச் சொன்னேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அந்த நாள் அவருக்கு ஞாபகமே இல்லைங்க. நீங்க சொன்னதுதான் அவருக்கு ஞாபகம். சொன்னவங்களே போய் மாத்திச் சொன்னாத்தான் உண்டு."

அதனால் சொல்கிறேன். உட்கார்ந்து படி. என்னைத் திட்டிக்கொண்டே படித்தாலும் சரி, கடைசி வரைக்கும் படி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீ டிரெய்னியாக வந்து எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாய். உன்னைப் பிடித்துப் போய்த்தான் என் தங்கையைக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகாவது மாப்பிள்ளையை "நீங்க" என்று கூப்பிடுங்கள் என்று ராஜலட்சுமி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். எனக்கு வாயில் வரவேயில்லை. நீ எனக்குத் தம்பியாகத்தான் இருந்தாய். அப்போது நீ குடிப்பாயா என்றால், சம்பள நாளில் எல்லோரையும் போலத்தான். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போய்ச் சரக்குப் பாக்கெட் வாங்கி வருகிற பழக்கம் எப்போது வந்தது, அது எப்போது தினசரி ஆனது என்று எனக்கே கணக்குத் தெரியவில்லை.

முதல் தடவை உனக்கு மாலை போட்டபோது நாற்பத்தெட்டு நாள் நீ தொடவில்லை. சரிதா அந்த நாற்பத்தெட்டு நாளும் சிரித்துக்கொண்டிருந்தாள். புருஷனைச் சாமி சாமி என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டில் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஐயப்பனுக்குக் கார்த்திகையில் கறுப்பு என்றால், முருகனுக்குத் தையில் காவி, அம்மனுக்கு ஆடியில் சிவப்பு என்று வருஷத்துக்கு மூன்று மாலையாக உன் கழுத்தில் போட்டேன். இடையில் வந்த நாட்களில் நீ விட்டதற்கெல்லாம் சேர்த்துக் குடித்தாய். அதை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். அடுத்த மாலை வரட்டும் என்று காலண்டரைப் பார்ப்பேன்.

இந்த வருஷம் ஐப்பசி கடைசியில் சரிதா என்னிடம் வந்தாள். "காலைல அது ரெண்டு மடக்கு உள்ள போகாட்டி அவருக்குப் பல் வெளக்கக்கூட கை நிக்கலண்ணா. மாலை போடறதுக்கு முன்னால ஒரு டாக்டரப் பாத்துடலாம்" என்றாள். நான் அவளைச் சத்தம் போட்டேன். ஐயப்பனைவிடப் பெரிய டாக்டர் யார் என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கு வரைக்கும் என்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

கார்த்திகை ஒன்றாம் தேதி உனக்கு மாலை போட்டேன். இரண்டாம் நாள் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவன், வேட்டி நனையும் அளவுக்கு வியர்த்துக்கொண்டு நின்றாய். உடம்பில் இருக்கிற விஷமெல்லாம் வெளியேறுகிறது, நல்லதுதான் என்று உனக்கு நான் சொன்னேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு உன் வீட்டில் பஜனை. முப்பது பேர் இருப்பார்கள். சரணம் பாடும்போதே உன் உடம்பு ஆட ஆரம்பித்தது. கண் எங்கேயோ பார்த்தது. பக்கத்து வீட்டு ஆனேக்கல்காரர், "மை மேலெ சாமி பந்த்ரு" என்று தன் கன்னடத்தில் கத்தினார். சாமி வந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

நீயும் எழுந்து நின்றாய். இடக்கையால் எதையோ எடுத்தாய். எதிரே வைத்து இறுக்கினாய். வலக்கையால் எதையோ இழுத்துச் சாத்தினாய். கட்டைவிரலால் அழுத்தினாய். காத்திருந்தாய். மறுபடி திறந்து, வாயால் ஊதி, எடுத்து, துடைத்து, வலப்பக்கம் வைத்தாய். மறுபடி இடக்கை. சரோஜம்மாள் உன் இடக்கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தாள். அதை எதிரே நீட்டிப் பிடித்தாய், சாத்தினாய், அழுத்தினாய், காத்திருந்தாய், ஊதினாய், வலப்பக்கம் கொடுத்தாய். அவளே அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். எலுமிச்சம்பழம், தேங்காய், ஒருத்தர் தன் பைக் சாவி. இடப்பக்கம் வாங்கி வலப்பக்கம் ஆசீர்வாதம் பண்ணிக் கொடுக்கிறார் சாமி என்று பேசிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை, அது நீ ஏழாம் நம்பர் மிஷினில் செய்கிற வேலை. ஸ்டோர்ஸ் ஜன்னலிலிருந்து இத்தனை வருஷமாக ஷிப்டுக்கு ஷிப்டு நான் பார்க்கிற வேலை. பீஸை எடுத்து மாட்டுவது, கதவைச் சாத்துவது, பட்டனை அழுத்துவது, பிசிறை ஊதுவது. நீ இரண்டாவது தடவை ஊதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். இருபத்திரண்டு வருஷமாக மலைக்குப் போகிறேன், நானும் ஒரு குருசாமிதான். நாராயணப்பன் குருசாமி வீட்டுப் பஜனையில் வருஷாவருஷம் யார் மேலாவது சாமி வரும். என் பஜனையில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அன்றைக்கு நான் மாலை போட்டவன் மேல் வந்திருக்கிறது என்று முப்பது பேர் சொல்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கற்பூரத் தட்டை எடுத்து உனக்கு ஆரத்தி காட்டினது நான்தான். முதலில் உன் காலில் விழுந்ததும் நான்தான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் விழுந்தார்கள்.

சரிதா மட்டும் விழவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணா, அவரு கண்ணப் பாரு. என்னையே யாருன்னு தெரியல அவருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றாள். சாமி வந்திருக்கும்போது பெண்டாட்டியா தெரியும் என்று நான் அவள் கையை உதறினேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு நீ கீழே விழுந்தாய். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். அப்போதும் நான் விபூதித் தட்டைத்தான் தேடினேன். கவிப்ரியாதான், "மாமா, இது சாமி இல்ல, ஃபிட்ஸ். அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க" என்று கத்தி, 108க்குப் போன் போட்டாள். பஜனைக்கு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டார்கள். நான் பெருமையாகச் சொன்னேன், மாலை போட்டதிலிருந்து சொட்டுத் தொடவில்லை, மூன்று நாளாகிறது என்று. அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "அதனாலதாங்க இப்படி ஆகியிருக்கு" என்றார்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் ஒரேயடியாக நிறுத்தினால் மூளை கொதித்துப் போகும், ஆள் தெரியாது, இல்லாதது கண்ணுக்குத் தெரியும், கை தினசரி செய்கிற வேலையைத் தானாகச் செய்யும், ஃபிட்ஸ் வரும், உயிரும் போகும். ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்துப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவை இப்படி வெட்டி நிறுத்தும்போதும் அடுத்த தடவை இன்னும் மோசமாகும். வருஷத்துக்கு மூன்று தடவை அதைத்தான் உனக்கு நான் செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு அங்கே நின்றபடியே புரிந்தது. இன்னும் தாமதமாக வந்திருந்தால் கொண்டுவந்தும் பிரயோஜனமில்லை என்றும் சொன்னார்கள். ஆறு மணி நேரம் உன்னை நிற்க வைத்துப் பழம் வாங்கியிருக்கிறோம்.

நீ கண் விழித்த அன்றைக்கு, என்ன ஆச்சு மச்சான் என்று கேட்டாய். உன்மேல் சாமி வந்தது என்று சொன்னேன். உன் முகம் எப்படி ஆனது தெரியுமா. வெகு நாளைக்கு அப்புறம் உன் முகத்தில் ஒரு கௌரவத்தைப் பார்த்தேன். அதை எடுக்க மனசு வரவில்லை. போன கடிதத்திலும் அதையே எழுதினேன். அதை நம்பித்தான் நீ இப்போது மாத்திரையைத் துப்புகிறாய்.

அது சாமி இல்லை மாப்பிள்ளை. குடியை வெட்டி நிறுத்தியதால் வந்த நோய். நோய் என்று சொல்வதில் உனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஐயப்பன் அந்த வீட்டில் இல்லவே இல்லை என்று சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. இருந்திருந்தால் உன் மகள் பக்கத்தில் இருந்திருப்பார், என் பக்கத்தில் இல்லை.

உனக்கு நான் மாலை போட மாட்டேன். டாக்டர் போடலாம் என்று சொல்லுகிற வரைக்கும் போட மாட்டேன். கோபம் வந்தால் என்மேல் காட்டு. மாத்திரையின் மேல் காட்டாதே. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து அந்த ஹரீஷ்குமார் சாருக்குக் காட்டு.

உன் மச்சான்,
எல்லப்பன்


ஓசூர்
ஜனவரி 3

அன்பான மாப்பிள்ளைக்கு,

பதினோரு நாளாக உன்னிடமிருந்து எனக்குப் பதில் இல்லை. நீ என்னைத் திட்டியாவது எழுதுவாய் என்று தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றேன். சரிதாவுக்கு மட்டும் நாலு வரி வந்தது. அதை அவள் என்னிடம் காட்டவில்லை. கவிப்ரியா சொன்னாள்.

மாத்திரை சாப்பிடுகிறாயாம். ஹரீஷ்குமார் சார் சொன்னதும் அந்த இடத்திலேயே கும்பிட்டேன். ஆனால் யாரோடும் பேசுவதில்லை, வட்டத்தில் உட்கார்ந்தாலும் தலையைக் குனிந்துகொண்டே இருக்கிறாய் என்றார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னுதுங்க என்றார். வெட்கப்பட வேண்டியவன் இங்கே இருக்கிறேன். உனக்கு எதற்கு அது? நினைவு தப்பி நின்ற மனுஷன் மிஷின் ஓட்டியிருக்கிறான், வேறென்ன செய்தான்? அப்பேர்ப்பட்ட நிலையிலும் ஒரு பீஸைக்கூட நீ கீழே போடவில்லை. உன்னைப்போல ஒரு ஆபரேட்டர் எங்கள் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு எதிரே இன்றைக்கும் கிடையாது. அந்த ஒடிசாக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பூஜை முடிந்ததும் எல்லோரையும் உட்காரச் சொன்னேன். உனக்கு எழுதியதையெல்லாம் அவர்களிடமும் சொன்னேன். நான் தெரிந்தே வாய் மூடி நின்றதையும் சொன்னேன். சரோஜம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "சாமிய நோயின்னு சொல்றியே, ஒனக்கு ஆவுமா இது" என்று எழுந்து போய்விட்டாள். "உன் மகன் வேலை போகாது, பயப்படாதே" என்று பின்னாலேயே சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. நாராயணப்பன் குருசாமி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து, தன் வீட்டில் நாலு வருஷத்துக்கு முன்னால் சாமி வந்து, மறுவாரமே செத்துப்போன ஒருவர் பெயரைச் சொன்னார். மலைக்குப் போகாமலே பகவான் எடுத்துக்கொண்டார் என்று அப்போது பேசிக்கொண்டோம், உனக்கும் நினைவிருக்கும். அவரும் குடியை நிறுத்தி மாலை போட்டவர்தான்.

அதற்கு முந்தின வாரம் மகர விளக்குக்கு மாலை போடச் சொல்லி லோடிங் செக்‌ஷன் கரியப்பன் வந்தான். எவ்வளவு குடிப்பாய், காலையில் கை நடுங்குமா, கடைசியாக எப்போது என்று வரிசையாகக் கேட்டேன். "இன்னா குருசாமி, போலீஸ்காரர் மாதிரி கேக்கற" என்றான். கையை நீட்டச் சொன்னேன். விரலெல்லாம் இலைபோல ஆடியது. பைக்கில் உட்கார வைத்து நேராக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஐந்து நாள் வார்டில் வைத்து மருந்து கொடுத்தார்கள். டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் கழுத்தில் மாலை ஏறியது. வழியெல்லாம் என்னைத் திட்டினான். மருந்து இறங்கினதும் இப்போது கும்பிடுகிறான்.

நான் இந்த வருஷம் மலைக்குப் போகவில்லை. என் ஆட்களுக்கும் நாராயணப்பனே இருமுடி கட்டி அழைத்துப் போகிறார். ஆறாம் தேதி வண்டி கிளம்புகிறது. உன்னைப் பார்க்க விடுகிற முதல் ஞாயிறு ஏழாம் தேதி. இதை நான் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இனி சரிதாவைப் பற்றி. உன் நாலு வரியில் என்ன எழுதியிருந்தாய் என்று கவிப்ரியா சொல்லிவிட்டாள். இங்கே என்னால் முடியவில்லை, நீ வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போ, ஒரு பாக்கெட்டைக்கூடத் தொட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பொய்யாக எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். நீ எழுதிய நிமிஷத்தில் அது உண்மைதான். இதற்கு முன்னால் சொன்னபோதும் உண்மையாகத்தான் சொன்னாய்.

அவள் இரண்டு நாளாக உன் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து வைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "அவரு தலை குனிஞ்சு ஒக்காந்திருக்காராம்ணா. நம்ம வீட்டுல வந்து குனிஞ்சு ஒக்காரட்டுமே" என்றாள். நான் பேசிப் பார்த்தேன். தொண்ணூறு நாள் என்று சொன்னதில் பாதிகூட ஆகவில்லை என்றேன். ராஜலட்சுமியும் பேசினாள். கடைசியில் சரி என்றாள், கையெழுத்துப் போட மாட்டேன் என்று கவிப்ரியாவின் தலையில் கை வைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

அவளை உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி. அவள் கையை உதறியது நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் சரியாக இருக்க மாட்டாள். நீ உன் வாயால் வா என்று ஒரு தடவை கேட்டால் போதும், மகள் தலையில் வைத்த கையாலேயே கையெழுத்தைப் போட்டுவிடுவாள். பேனாவை நான் பிடுங்கி வைத்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிப் போடுவாள். அதைத் தடுக்க என்னால் ஆகாது. ஹரீஷ்குமார் சாராலும் ஆகாது. உன் ஒருவனால்தான் ஆகும்.

ஏழாம் தேதி பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். தூக்குவாளியில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வரும். கவிப்ரியா உன் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சையைப் பற்றி ஏதாவது பொய் சொல்லுவாள், கேட்டுக்கொள். என்னோடு பேச மனசு வரவில்லையென்றால் பேசாதே, நான் மரத்தடியில் நின்றுகொள்கிறேன். சரிதா அழுவாள். அழட்டும். அவள் எதைச் சொல்லி அழுதாலும், உன் முகத்தைப் பார்த்து, நான் இங்கேயே இருக்கிறேன், நீ போய் வா என்று நீயாகச் சொல். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன் மாப்பிள்ளை. ஊரோடு சேர்ந்து உன்னைச் சாமி என்று கும்பிட்டது பொய். இது உன்னையே கும்பிடுவது.

பையைக் கட்டி வைக்காதே.

உன் மச்சான்,
எல்லப்பன்